கூடுவது சுலபம்... கலைவதுதான் கஷ்டம்!

எங்கள் தெருக்கோடியில் விளக்கு ஒன்று பத்து நாளாக எரியவில்லை. அந்த இருட்டுக்குள்தான் மூடி இல்லாத சாக்கடைப் பள்ளமும் இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு சைக்கிளில் வந்த பால்காரர் அதில் விழுந்து, மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார்.

அந்தக் காலமாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? யாராவது ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போய், "என்ன தலைவரே... ஓட்டுக் கேக்க வந்தப்ப தெருவெல்லாம் ஒரே வெளிச்சமா இருந்துச்சு. இப்ப இருட்டாயிருச்சே!" என்று ஒரு குத்தல் குத்திவிட்டு வந்திருப்பார். ஏணியோடு ஆள் வந்திருப்பாரா, வந்திருக்க மாட்டாரா... அது வேறு விஷயம். ஆனால் ஒருவர் போயிருப்பார்.

இப்போது எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மொத்தம் 84 பேர். எரியாத விளக்கை ஒருவர் ராத்திரியில் போட்டோ எடுத்துப் போட்டார். முழுக்க முழுக்கக் கறுப்பு! அதுதான் ஆதாரமாம். அதற்குக் கீழே 31 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பன்னிரண்டு பேர் கண்ணீர் பொம்மை போட்டார்கள். ஒருவர் "வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்றார். எழுபத்தாறு வயதான எங்கள் பெரியப்பா, "இதற்குத்தான் நான் அப்போதே சொன்னேன்" என்று போட்டார். எதை, எப்போது, யாரிடம் சொன்னார் என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு புண்ணியவான் ரோஜாப்பூவோடு "காலை வணக்கம்" அனுப்பினார். மணி ராத்திரி ஒன்பதரை!

"சரி, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாரும் சேர்ந்து வார்டு ஆபீசுக்குப் போவோம்" என்று நான் போட்டேன். "வருகிறேன்" என்றவர்கள் 47 பேர். வந்தவர்கள் மூன்று பேர். நான், பெரியப்பா, எதிர்வீட்டு ரிட்டையர்டு டீச்சரம்மா. பெரியப்பா வந்ததுகூட ஆபீஸ் வாசலில் சுடச்சுடப் போடுகிற மெதுவடைக்காக என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உடனே நீங்கள், "அதான் சார், இந்த சோஷியல் மீடியாவே வேஸ்ட்!" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இதே செல்போன்தான் இதே தமிழ்நாட்டில் ஒரு நகரத்தையே தூக்கி நிறுத்தியது. ஒரு சட்டத்தையே கொண்டுவந்தது. பின்னே, தெருவிளக்கு மட்டும் ஏன் எரிய மாட்டேன் என்கிறது? அதைத்தான் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம் வாருங்கள்.

டீக்கடை பெஞ்ச் சட்டசபை

செல்போனுக்கு முன்னால் நம் ஊரில் அரசியல் எங்கே நடந்தது? டீக்கடையில். முடிதிருத்தும் நிலையத்தில். சைக்கிள் கடை வாசலில். மன்றமும் படிப்பகமும் இருந்த தெருமுனையில். ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். பதினோரு பேர் சண்டை போடுவார்கள். திராவிட இயக்கம் வளர்ந்ததில் இந்தக் கடைகளுக்கும் படிப்பகங்களுக்கும் இருந்த பங்கைச் சரித்திரம் எழுதுகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த பெஞ்சுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. இன்றைக்குப் புளுகினால் நாளைக்கும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். "நேத்து என்னமோ சொன்னியே மச்சான்..." என்று நாலு பேர் மடக்குவார்கள். அதனால் புளுகிலும் ஓர் அளவு இருந்தது.

அதற்காக அந்த பெஞ்சைத் தங்கத்தில் செய்ததாக நினைக்க வேண்டாம். அதில் பெண்களுக்கு இடம் இருந்ததா? இல்லை. எத்தனையோ ஊர்களில் அதே டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. சிலர் தரையில் குந்தித்தான் டீ குடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் எங்கே அரசியல் பேசுவது? ஆக, உலை வைத்துக்கொண்டே முதலமைச்சரைக் கேள்வி கேட்கிற பெண்ணும், எந்த பெஞ்சிலும் இடம் கிடைக்காத இளைஞரும் இன்று செல்போன் வழியாக சபைக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அது சின்ன விஷயம் இல்லை. வாய் திறந்த பெண்களுக்கு அங்கே கிடைக்கிற வசவும் சின்ன விஷயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெள்ளத்தில் மிதந்த பட்டியல்

2015 டிசம்பர் 1. சென்னையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அடையாறு ஊருக்குள் வந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878-ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பே டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை.

பேப்பரே வராத அந்த நாளில் வேலை செய்தது எது? ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான். யாருக்குப் படகு வேண்டும், யாரிடம் சாப்பாடு இருக்கிறது, எந்த வீட்டு மாடியில் தங்க இடம் தருகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "உண்மையிலேயே இருக்கீங்களா? இன்னும் உதவி வேணுமா?" என்று கேட்டுச் சரிபார்த்தார்கள். ஏன் தெரியுமா? ஆளை மீட்டுக் கரை சேர்த்த பிறகும் அதே செய்தி ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது!

வதந்தியும் சும்மா இருக்குமா? "முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன" என்று ஒரு செய்தி. "நாசா எச்சரிக்கை! இன்னும் பேய்மழை!" என்று இன்னொன்று. எங்கள் பெரியப்பா இரண்டையும் அனுப்பினார். முதலைப் பண்ணைக்காரர்கள், "எங்கள் முதலைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன" என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. மனிதர்களைத் தேடவே ஆள் போதாத நேரத்தில், முதலைகளை எண்ணிக் காட்ட வேண்டிய நிலைமை!

சென்னை வெள்ளத்தில் நாம் கற்ற பாடம் இது: செய்தியைப் பரப்பியது மட்டும் உதவி இல்லை. உட்கார்ந்து, நம்பர் நம்பராகக் கூப்பிட்டு, பட்டியலில் தீர்ந்துபோன கோரிக்கையை அடித்துக்கொண்டே வந்தவர்கள் இருந்தார்களே... அவர்களால்தான் படகு சரியான வாசலுக்குப் போனது.

இருட்டில் எரிந்த செல்போன்

அடுத்தது 2017 ஜனவரி. நம்மில் பல பேர் நேரில் பார்த்தது.

2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2016 பொங்கலுக்கு முன் மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் வழிவிட்டது. கோர்ட் அதையும் நிறுத்தியது. 2017 பொங்கலும் காளை இல்லாமலே போயிற்று. ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் உட்கார்ந்த இளைஞர்களை மறுநாள் காலை போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்தச் செய்தி செல்போன் செல்போனாகத் தாவியது. 17-ம் தேதி செவ்வாய்க்கிழமை காலை மெரினாவில் கூடியது ஒரு சிறு கூட்டம்தான். ராத்திரிக்குள் ஆயிரக்கணக்கில்!

கடற்கரை விளக்குகள் அணைந்தன. 'இருட்டானால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்' என்று யாரோ கணக்குப் போட்டார்கள் போலிருக்கிறது. ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச்சுகள் ஒரே நேரத்தில் எரிந்தன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் இன்னும் பல மடங்கு கூட்டம் வந்தது. மதுரை தமுக்கம், கோவை வ.உ.சி. மைதானம் என்று ஊருக்கு ஊர் பரவியது.

கட்சிக் கொடிக்கு இடமில்லை. மேடை இல்லை. மாலை, பொன்னாடை, "இப்போது பேச வருகிறார்..." எதுவும் இல்லை. பையன்களே போக்குவரத்தைச் சரிசெய்தார்கள். குப்பையைப் பொறுக்கினார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள் ராத்திரியெல்லாம் மணலில் இருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் வண்டி வண்டியாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். "தலைவரே இல்லாத போராட்டம்" என்று நாம் எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். நானும்தான்!

முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் 19-ம் தேதி டெல்லி போய்ப் பிரதமரைப் பார்த்தார். 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. ஐந்தே நாளில்! அதற்குமுன் மூன்று வருஷம் வழக்கு, மனு, அறிவிக்கை என்று ஆகாத காரியம்.

இங்கே கதையை முடித்து 'சுபம்' போட்டிருக்கலாம். போட முடியவில்லை.

"போகலாம்" என்று யார் சொல்வது?

"அவசரச் சட்டம் தற்காலிகம்தானே? நிரந்தரச் சட்டம் வந்தால்தான் எழுந்திருப்போம்" என்றார்கள் கடற்கரையில் இருந்தவர்கள். நியாயமான சந்தேகம். இரண்டு முறை ஏமாந்தவர்களுக்கு மூன்றாவது முறை சந்தேகம் வரத்தானே செய்யும்? 22-ம் தேதி வாடிவாசலைத் திறந்துவைக்க மதுரைக்குப் போன முதல்வரே, மக்கள் எதிர்ப்பால் திறக்காமல் திரும்பினார்.

போராட்டத்துக்குப் பாட்டாலும் பேச்சாலும் முகம் கொடுத்தவர்களில் சிலர், ஹிப்ஹாப் தமிழா ஆதி உட்பட, போராட்டம் திசைமாறுவதாகச் சொல்லி ஒதுங்கினார்கள். ஆனால் "முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் அதிகாரத்தை யாரும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லையே! "போகலாம்" என்றவரைப் பார்த்து, "நீ யார் சொல்ல?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், அதற்குப் பதில் இல்லை. அரசாங்கம் பேச வேண்டும் என்றாலும், யாரோடு பேசுவது? அரசாங்கம் சொன்னதைக் கூட்டத்துக்கு யார் விளக்குவது? விளக்கியதை யார் நம்புவது?

ஜனவரி 23, திங்கட்கிழமை. விடிந்தும் விடியாததுமாக போலீஸ் கலைக்க வந்தது. பையன்கள் தேசிய கீதம் பாடினார்கள். கேட்கவில்லை. தடியடி. ஐஸ் ஹவுஸ் பக்கம் வண்டிகள் எரிந்தன. ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பம் மீனவர்களின் மீன் மார்க்கெட் எரிந்து சாம்பலாயிற்று. போலீஸ்காரர்களே தீ வைப்பதாகச் சொல்லி வீடியோக்கள் சுற்றின. போலீஸ் தரப்பு மறுத்தது. விசாரணைக் கமிஷன் வந்தது.

அன்று சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா? சட்டசபை கூடி அந்த நிரந்தரச் சட்டத்தை நிறைவேற்றியது!

காலையில் தடியடி... மாலையில் சட்டம். நடுவில் சில மணி நேரம். குடியரசு தின அணிவகுப்புக்கு இடம் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அவசரம் இருந்திருக்கலாம். அதற்காக அந்தச் சில மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாதா என்ற கேள்விக்கு அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் நமக்குள் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த இடைவெளிக்குப் பாலம் போட நம் பக்கம் ஒரு குழு, ஐந்து பேர், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஐந்து பேர் இருந்திருந்தால்?

கடைசியில் என்ன ஆயிற்று? ஓய்வுபெற்ற நீதிபதி அரி பரந்தாமன் கடற்கரைக்கு வந்து, மிச்சமிருந்தவர்களிடம் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினார். கேட்டவர்கள் எழுந்தார்கள். பல லட்சம் பேரைக் கூட்டியது செல்போன். கடைசியில் நின்றவர்களை நம்பிக்கையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தது நேரில் வந்து பேசிய ஒரு மனிதர். (அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.)

1965-ல் போன் இல்லை, குழு இருந்தது

இந்த இடத்தில் பெரியப்பா குறுக்கே வந்தார். "நாங்க 65-ல பண்ணாததையா நீங்க பண்ணிட்டீங்க?"

வழக்கமாக நான் பதில் சொல்வதில்லை. இந்த முறை யோசித்தேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்களுக்கு வாட்ஸ்அப் கிடையாது. கடிதம், பஸ், ரயில், வாய்ச்சொல் அவ்வளவுதான். ஆனால் மாணவர் போராட்டக் குழு என்று ஒன்று இருந்தது. ஜனவரி 25-ல் மதுரையில் பற்றிய தீ மாகாணமே பரவியது. பிப்ரவரி 11-ல் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். மறுநாளே அந்தக் குழு, "போராட்டத்தைத் தள்ளிவைக்கிறோம்" என்று அறிவித்தது. அதன்பிறகும் அங்கங்கே கலவரம் நடந்தது. மார்ச்சில் போராட்டத்தைக் கைவிட்டதும் அதே குழுதான்.

அந்தப் போராட்டத்தில் ரத்தம் சிந்தவில்லை என்று நினைக்காதீர்கள். அரசாங்கக் கணக்கிலேயே சுமார் 70 பேர் செத்தார்கள். குழு இருந்தால் எல்லாம் சுமுகமாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. குழு இருந்ததால் அரசாங்கத்துக்குப் பேச ஒரு முகவரி இருந்தது. மாணவர்களுக்கு நிறுத்த ஒரு வாய் இருந்தது. அது மட்டுமா? இரண்டே வருஷம். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் அந்தப் போராட்டத்தில் இருந்த மாணவர் தலைவர் பெ.சீனிவாசன்!

மெரினாவுக்குப் பிறகும் இளைஞர்கள் சிலர் 2017 பிப்ரவரியிலேயே ஒரு கட்சி தொடங்கினார்கள். அதன் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று வருத்தப்பட வேண்டாம். 2011-ல் எகிப்து இளைஞர்கள் ஃபேஸ்புக்கில் அழைப்பு விட்டு, கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்தில் கூடி, 18 நாளில் முப்பது வருஷ முபாரக்கை இறக்கினார்கள். 2012 தேர்தலில் ஜெயித்தது யார்? ஃபேஸ்புக் இளைஞர்கள் இல்லை. 1928-ல் தொடங்கி, தெருத்தெருவாக ஆள் வைத்திருந்த முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் வேட்பாளர். மறுவருஷம் ராணுவம் வந்து அவரையும் இறக்கியது. சதுக்கத்தை நிரப்பியது ஒருவர். நாற்காலியை நிரப்பியது வேறொருவர்.

ஆள்பவர்கள் சும்மா இருப்பார்களா?

நாம் பாடம் படித்தோமோ இல்லையோ, மேலே இருப்பவர்கள் நன்றாகப் படித்தார்கள்.

முதலில் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவு. 'எரிச்சலூட்டும்' செய்தி அனுப்பினால் மூன்று வருஷம் வரை உள்ளே. 2012-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பெண் ஃபேஸ்புக்கில் ஒரு கருத்துப் போட்டார். இன்னொரு பெண் அதற்கு 'லைக்' போட்டார். இரண்டு பேரும் கைது! ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குப் போட்டு, 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது.

அடுத்து சுவிட்ச். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட் துண்டிக்கப்பட்டது. மெரினாவில் தெருவிளக்கை அணைத்தார்கள், செல்போன் எரிந்தது. இந்த முறை செல்போனையே அணைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, சொந்தக் கடை. இன்று பெரிய கட்சி ஒவ்வொன்றுக்கும் ஐ.டி. அணி உண்டு. முன்பு சுவரில் "முன்பதிவு" என்று எழுதி இடம் பிடித்தவர்கள் இப்போது ட்ரெண்டிங்கில் இடம் பிடிக்கிறார்கள். 2018-லிருந்து பிரதமர் தமிழ்நாடு வரும்போதெல்லாம் "போ" என்று ஒரு கோஷ்டியும் "வா" என்று ஒரு கோஷ்டியும் ட்விட்டரில் (இப்போது அதன் பெயர் எக்ஸ்) முட்டிக்கொண்டன. இரண்டு கோஷ்டியிலும் நிஜமான ஆள் எத்தனை, கூலிக்கு மாரடித்தது எத்தனை என்று எண்ணிச் சொல்ல யாராலும் முடியாது. லாரியில் ஆள் கூட்டி வந்த காலத்திலாவது பிரியாணிப் பொட்டலத்தை வைத்துக் கணக்குப் போடலாம்!

2013-லேயே தேர்தல் கமிஷன் விழித்துக்கொண்டு, வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும், அங்கே கொடுக்கும் விளம்பரத்துக்கும் முன் அனுமதியும் செலவுக் கணக்கும் வேண்டும் என்று சொன்னது. சரிதான். ஆனால் பெரியப்பா அனுப்புகிற ஃபார்வர்டு எந்த வேட்பாளர் கணக்கில் வரும்? அவருக்கு அனுப்பியவர் யார் என்று அவருக்கே தெரியாதே!

சிரிப்பு நிற்கிற இடம்

பெரியப்பாவை வைத்து இவ்வளவு நேரம் சிரித்தேன். ஒரு விஷயத்தில் சிரிக்க முடியாது.

2018-ல் "பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வட தமிழ்நாட்டில் பரவியது. கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த குற்றத்துக்காக, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அதே வருஷம் நாட்டின் பல மாநிலங்களில் இப்படிக் கொலைகள். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-ல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லாம் கொலைகாரர்களா? இல்லை. "நாலு பேருக்கு நல்லது" என்று நினைத்தவர்கள்தான். டீக்கடை பெஞ்சில் சொல்லியிருந்தால், "யாருடைய பிள்ளை காணாமப் போச்சு? எந்த ஊரு? நீ பாத்தியா?" என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். செல்போன் கேட்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்காக ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்:

1. இதை முதலில் சொன்னது யார்? பேர் இருக்கிறதா?
2. நடந்தது எந்த ஊர், எந்தத் தேதி?
3. டீக்கடையில் நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் உண்டா?
4. இதை இன்றைக்கு அனுப்பாவிட்டால் யாருக்காவது நஷ்டமா?

ஒட்டிய நாளிலிருந்து ஃபார்வர்டு குறைந்திருக்கிறது. ரோஜாப்பூ மட்டும் குறையவில்லை.

டீச்சரம்மாவின் நோட்டு

சரி, தெருவிளக்கு?

வார்டு ஆபீசில் அன்றைக்கு எங்களைப் பார்த்த எழுத்தர், "குரூப்பில போட்டிருந்தீங்களாமே... நானும் பார்த்தேன்" என்றார். பார்த்தாராம்! பார்த்ததற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

டீச்சரம்மா கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தேதிவாரியாக எழுதியிருந்தார். விளக்கு அணைந்த நாள், போனில் புகார் கொடுத்த நாள், புகார் எண், பால்காரர் விழுந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரியில் கட்டு. எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கையெழுத்து எத்தனை பேரும்மா?"

"மூணு. நாளைக்குக் கொண்டாறேன் மிச்சத்தை."

சாயங்காலம் அந்த அம்மா நோட்டோடு வீடு வீடாகப் போனார். கட்டைவிரல் போட்ட 31 பேர் வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வசனம்தான்.

"எங்க அப்பா தலைமுறை கைநாட்டு. அறிவொளி, அது இதுன்னு அலைஞ்சு எல்லாரையும் கையெழுத்துப் போடப் படிக்க வச்சோம். நீங்க என்னடான்னா டிகிரி வாங்கிட்டு மறுபடியும் கட்டைவிரலைத் தூக்குறீங்களே தம்பி! கையெழுத்துப் போடுங்க!"

58 கையெழுத்து விழுந்தது. மூன்றாவது தடவை போனபோது ஏணி வந்தது. அந்த வாரத்திலேயே பள்ளத்துக்கு மூடியும் வந்தது. பால்காரருக்காக குரூப்பில் சேர்த்த பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவு போக மிச்சமும் இருந்தது. அதை மறைக்கக்கூடாது, அந்தப் பணம் செல்போன் இல்லாமல் இரண்டே நாளில் சேர்ந்திருக்காது. கணக்கை எழுதியது என்னவோ அதே நாற்பது பக்க நோட்டில்தான்.

இப்போது டீச்சரம்மா அடுத்த வேலையைப் பிடித்திருக்கிறார். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஏரியா சபைக் கூட்டம் என்று 2022-ல் இருந்து தமிழ்நாட்டில் வந்திருக்கிறதே... எங்கள் ஏரியாவுக்கு அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து வரச்சொல்லி எனக்கு உத்தரவு. போகிறவர்கள் ஐந்து பேர், பேசுகிறவர் ஒருவர், "போதும், எழுந்திருங்க" என்று சொல்கிறவர் ஒருவர் என்று பெயரோடு குரூப்பில் போட்டாயிற்று. யாரும் ஆட்சேபிக்கவில்லை. உங்கள் ஏரியாவிலும் விசாரித்துப் பாருங்களேன்.

விளக்கு எரிந்த அன்று ராத்திரி அதை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். இந்த முறை வெளிச்சமாகவே வந்தது. 62 கட்டைவிரல். "நாம் சாதித்துவிட்டோம்!" என்று போட்டவர், கையெழுத்துக்குப் போனபோது கதவைத் திறக்காதவர்.

கடைசியாக பெரியப்பாவிடமிருந்து ஒரு வரி வந்தது.

"இதற்குத்தான் நான் அப்போதே சொன்னேன்."